1965ல எல்லாமே சீப்பா? எங்கப்பா கணக்கு நோட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு பதில்

"எங்க தாத்தா 1965ல மாசம் 150 ரூபா சம்பளத்துல ஆறு பேர் குடும்பத்தை ராஜா மாதிரி நடத்தினேன்னு சொல்றார், இது நிஜமா, அப்போ என்னதான் விலை வித்துச்சு, பொழுது எப்படிப் போச்சு"ன்னு கேட்டிருக்கீங்க. 150 ரூபா நிஜம். ஆறு பேரும் நிஜம். அந்த ராஜா மட்டும்தான் கொஞ்சம் இடிக்குது.

நான் 1965ல பதினோரு வயசுப் பொண்ணு. திருச்சி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ், அப்பா ஒர்க்ஷாப் ஆபீஸ்ல கிளார்க். அப்போ மத்திய சர்க்கார்ல கடைநிலை கிளார்க்குக்கு ஸ்கேல் 110ல ஆரம்பிச்சு 180ல முடியும், பஞ்சப்படி தனி. அப்பா தினம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கணக்கு எழுதுவார், அணா பைசா விடாம. அவர் போய் வருஷம் இருபதாச்சு, ஆறு நோட்டு என்கிட்ட இருக்கு, 63லேர்ந்து 68 வரைக்கும். அதைப் பிரிச்சு வெச்சுக்கிட்டுதான் டைப் பண்றேன், மஞ்சளாகி ஓரமெல்லாம் பொடியா உதிருது.

1965 மார்ச் பக்கம். குவார்ட்டர்ஸ் வாடகை, பி.எஃப். பிடிச்சது போக கைக்கு வந்தது 148. அரிசி 45 கிலோ, கிலோ 85 பைசா வீதம் 38 ரூபா கால் ரூபா. பால் 22. எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் சேர்த்து 21 சில்லறை. காப்பிக்கொட்டை அரை கிலோ 3 ரூபாய்க்கு கொஞ்சம் மேல. விறகு, மண்ணெண்ணெய் தனி. "சந்தை 1-87"ன்னு நாலு ஞாயித்துக்கிழமை வருது, பொன்மலை ஞாயிறு சந்தை காய்கறி. "தபால் 0-32", அதாவது ரெண்டு கார்டு ரெண்டு இன்லண்ட் லெட்டர், கார்டு ஆறு பைசா, இன்லண்ட் பத்து பைசா, கவர்னா பதினஞ்சு. "மொய் 2-00". "சினிமா, நாலு பேர், 1-60". "ரேடியோ லைசென்ஸ் 15-00"னு எழுதி பக்கத்துல ஒரு பெருமூச்சு மாதிரி கோடு.

இதைப் பாத்தா நமக்கு சிரிப்பா வரும், நாலு பேர் ஒன்னேமுக்கா ரூபாய்க்குள்ள சினிமா பாத்துட்டு வந்திருக்காங்களேன்னு. ஆனா அரிசியை வெச்சுக் கணக்குப் போட்டுப் பாருங்க. 148 ரூபாயும் அரிசியாவே வாங்கினா 174 கிலோ. இன்னிக்கு அதே 174 கிலோவை சுமாரான பொன்னி விலைக்குப் போட்டா பத்தாயிரம் ரூபா சொச்சம். அப்போ உங்க தாத்தா சம்பளம் இன்னிக்குக் கணக்குல பத்து பத்தரை ஆயிரம். அதுல ஆறு பேர். சம்பளத்துல மூணுல ரெண்டு பங்கு வாய்க்கும் வயித்துக்குமே போயிடுது, மிச்சத்துலதான் துணி, மருந்து, பள்ளிக்கூடம், கல்யாணம், சாவு எல்லாம். தங்கத்துல கணக்குப் போடறவங்க வேற மாதிரி சொல்வாங்க, 65ல பத்து கிராம் 72 ரூபா கிட்ட, சவரன் 57 ரூபா, ரெண்டரை சவரன் சம்பளம், இன்னிக்கு அதோட மதிப்பைப் பாருன்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் வரும். தங்கம் ஏறின ஏத்தம் அரிசி ஏறலை, அவ்வளவுதான் விஷயம். யாரும் மாசா மாசம் ரெண்டரை சவரன் வாங்கி வெச்சுக்கலை, எங்கம்மா பத்து வருஷத்துல வாங்கினது ஒரு மூக்குத்தி.

தங்கம்னு வந்ததால ஒண்ணு சொல்லிடறேன். 1963 ஜனவரியில மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டு வந்து 14 காரட்டுக்கு மேல புது நகை செய்யக்கூடாதுன்னுட்டார். எங்க தெருமுனைப் பத்தர் ஒருத்தர் பட்டறையை மூடிட்டு முறுக்கு சுத்தி வித்தார், நாடு பூரா பத்தர்கள் கதை அதுதான், தற்கொலை பண்ணிக்கிட்டவங்களும் உண்டு. 66ல அந்த 14 காரட் விதியை எடுத்தாங்க. அதுக்குள்ள எங்க சித்தி கல்யாணம் முடிஞ்சுபோச்சு, கடைசி வரைக்கும் "என் நகை மட்டும் வெளுத்த நகை"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

அப்புறம் காசு. இதை இன்னிக்குப் பசங்களுக்கு விளக்கறது கஷ்டம். 1957 ஏப்ரல்லேயே நயா பைசா வந்தாச்சு, 64 ஜூன்ல "நயா"வையும் எடுத்தாச்சு, ஆனா ஜனங்க வாயில அணாதான். நாலணான்னா 25 பைசா, எட்டணான்னா 50, இதுல சிக்கல் இல்லை. ஒரு அணா எவ்வளவு? ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்க போறது, ஆறு பைசான்னு வெச்சுக்கிட்டாங்க. அதனால நாலு தடவை ஒரு அணா குடுத்தா 24, ஒரே தடவையா நாலணா குடுத்தா 25. எங்க பாட்டி இந்த ஒரு பைசாவுக்காக எதையும் அணா அணாவா பிரிச்சுத்தான் வாங்குவா, கடைக்காரர் "ஆத்தா நீங்க கணக்கு வாத்தியாரா போயிருக்கணும்"பார். எடையும் அப்படித்தான், கிலோ லிட்டர் சட்டமாகி வருஷமாச்சு, வீட்டுல மட்டும் வீசை, பலம், ஆழாக்கு, படி. அறுகோணமா மூணு பைசா அலுமினியக் காசு புதுசா வந்தப்போ அது காசா பொம்மையான்னு சந்தேகம், தண்ணியில போட்டா மிதக்கும்னு பசங்க பந்தயம் கட்டுவோம், மெதுவா விட்டா மிதக்கவும் செய்யும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். "அறுபதுகளின் நடு"ன்னு ஒரே மூட்டையா கட்டறது தப்பு. 64 தொடக்கத்துல இருந்த வீடு வேற, 66 கடைசியில இருந்த வீடு வேற. அந்த நாலு வருஷம், 64லேர்ந்து 67 வரைக்கும், விலைவாசி வருஷா வருஷம் பத்து சதவீதம் கிட்ட, இல்ல அதுக்கு மேலன்னு ஏறி மொத்தத்துல ஒன்றரை மடங்கைத் தாண்டிடுச்சு. தங்கமும் 63 ரூபாயிலேர்ந்து 102க்குப் போச்சு. சம்பளம் அப்படி ஏறலை. நமக்குத்தான் 85 பைசா சீப்பு, 60 பைசாவுக்கு வாங்கிப் பழகினவங்களுக்கு அது பகல் கொள்ளை. நோட்டுல 1966 ஆகஸ்ட் பக்கத்துல அரிசி 1-35னு இருக்கு, பக்கத்துல அப்பா "வெளியில்"னு எழுதியிருக்கார். வெளியிலன்னா என்னன்னு அப்போ எல்லாருக்கும் தெரியும். ராத்திரி ஏழு மணிக்கு மேல கடையோட பின்வாசல், கள்ள மார்க்கெட்.

ஏன் இப்படின்னா 65லயும் 66லயும் அடுத்தடுத்து மழை பொய்ச்சுது, நடுவுல 65 செப்டம்பர்ல பாகிஸ்தானோட சண்டை, 66 ஜூன் 6ஆம் தேதி ரூபா மதிப்பைக் குறைச்சாங்க, அது வரைக்கும் 4 ரூபா 76 பைசாவா இருந்த ஒரு டாலர் ஒரே நாள்ல 7 ரூபா 50 பைசா. 66ல மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல தானியம் கப்பல்ல வந்து இறங்குச்சு, பெரும்பாலும் அமெரிக்காவோட பி.எல். 480ங்கற உணவு உதவித் திட்டத்துக் கோதுமை. கப்பல் வந்தாத்தான் ரேஷன்ல சரக்கு.

ரேஷன் க்யூ எங்க வேலை, பசங்க வேலை. பெரியவங்களுக்கு ஆபீஸ், அடுப்படி. காலையில ஒர்க்ஷாப் சங்கு ஊதறதுக்கு முன்னாடி கடை வாசல்ல ஒரு கல்லை வெச்சுட்டு வந்துடுவோம், அது நம்ம இடம். பை வெச்ச இடத்துக்கும் மரியாதை உண்டு, ஆனா பையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு கல்லு. ஒன்பது மணிக்குக் கடை திறக்கும், பத்தரைக்கு "அரிசி முடிஞ்சுது, மைலோதான்"ம்பாங்க. மைலோன்னா செக்கச்செவேல்னு ஒரு அமெரிக்கச் சோளம், நம்ம ஊர் சோளம் மாதிரி மணக்காது, வேகவும் வேகாது. நாங்க போன கடையில எடையாள் தராசுத் தட்டுல சரக்கைப் போட்டதும் முள்ளு நிக்கறதுக்குள்ள எடுத்துடுவான், கேட்டா "பாப்பா, பின்னாடி ஆள் நிக்குது". வீட்டுக்கு வந்து படியில அளந்தா கால் படி குறையும். அம்மா என்னைத்தான் திட்டுவா.

கோதுமையை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியாது. பாட்டி உடைச்சு சோறாக்கிப் பாத்தா, கஞ்சி காய்ச்சிப் பாத்தா, கடைசியில "இது மாட்டுக்குத்தான்"னு தீர்ப்பு சொல்லிட்டா. பக்கத்து குவார்ட்டர்ஸ்ல உத்தரப் பிரதேசத்துக் குடும்பம் ஒண்ணு, அந்த அம்மாதான் எங்கம்மாவுக்கு சப்பாத்தி மாவு பிசையக் கத்துக் குடுத்தாங்க, ரெண்டு பேருக்கும் பொது பாஷை கிடையாது, கையாலயே பேசிக்கிட்டாங்க. இது எப்போன்னா 65 பிப்ரவரி. அந்த ஜனவரி 26லேர்ந்து இந்திதான் ஆட்சிமொழின்னு வந்து, மாணவர்கள் கிளம்பி, காலேஜ் எல்லாம் மூடி, துப்பாக்கிச்சூட்டுல சர்க்கார் கணக்குப்படியே எழுபது பேர் கிட்ட செத்த சமயம். திருச்சிக்கு இது இன்னும் கிட்டத்துல சுட்ட விஷயம், ஏன்னா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 64 ஜனவரி 25, கீழப்பழுவூர் சின்னசாமி தன்னைக் கொளுத்திக்கிட்டது எங்க திருச்சி ரயில்வே ஸ்டேஷன் முன்னாடிதான். அண்ணன் அப்போ பி.யூ.சி., அதாவது பள்ளி முடிச்சு டிகிரிக்கு முந்தின காலேஜ் வருஷம். பகல்ல ஸ்டேஷன்ல இந்தி போர்டு மேல தார் பூசிட்டு, கையில தார் போகாம மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு, ராத்திரி அந்த அம்மா சொல்லிக் குடுத்த சப்பாத்தியை நாலு சாப்பிட்டான். அப்பா ஒண்ணும் பேசலை, ரயில்வே உத்தியோகம், பயம். "கை அலம்பினியா"ன்னு மட்டும் கேட்டார்.

அப்போ பிரதமரா இருந்த சாஸ்திரி வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கன்னு கேட்டுக்கிட்டார் இல்லையா, திங்கக்கிழமை ராத்திரி. ஹோட்டல்கள்லாம் திங்கக்கிழமை சாயங்காலம் மூடிடுவாங்க. அப்பா வீட்டுலயும் அமல்படுத்தினார். பாட்டிக்கு ஒரே சிரிப்பு, "நான் முப்பது வருஷமா சோமவாரம் இருக்கேன், கவர்மெண்டு இப்பதான் கண்டுபிடிச்சுதா"ன்னா. ஆனா சாஸ்திரி மேல எல்லாருக்கும் ஒரு பிரியம் இருந்துது, இந்தி விஷயத்துல கோபம் இருந்தாலும். அவர் தாஷ்கண்ட்ல இறந்தது 66 ஜனவரி 11, பொங்கலுக்கு மூணு நாள் முன்னாடி. காலையில ரேடியோவைத் திருப்பினா வெறும் சோக வாத்தியம். ரேடியோவுல அந்த மாதிரி வாசிச்சா பெரிய ஆள் யாரோ போயிட்டாங்கன்னு அர்த்தம், 64 மேயில நேரு போனப்போவும் அப்படித்தான் தெரிஞ்சுது. யாருன்னு தெரியறதுக்கு செய்தி நேரம் வரைக்கும் காத்திருக்கணும், தெருவே எங்க வீட்டு ஜன்னல்ல.

ஏன் எங்க வீட்டு ஜன்னல்னா லைனுக்கு ரெண்டு மூணு வீட்டுலதான் ரேடியோ. வால்வு செட்டு, போட்டதும் பாடாது, சூடாகி பச்சைக் கண்ணு மெதுவா சேர்ந்தப்புறம்தான் குரல் வரும். வருஷத்துக்கு 15 ரூபா லைசென்ஸ், போஸ்டாபீஸ்ல கட்டி புஸ்தகத்துல ஸ்டாம்ப் ஒட்டி வாங்கணும், பத்து கிலோ அரிசிக்கு மேல வாங்கற காசு அது. இன்ஸ்பெக்டர் வரார்னு யாராவது கிளப்பிவிட்டா லைசென்ஸ் இல்லாத வீட்டுக்காரங்க ரேடியோ மேல போர்வையைப் போட்டு மூடிடுவாங்க, மொட்டை மாடி ஏரியல் கம்பி காட்டிக் குடுக்கும்னு யோசிக்கவே மாட்டாங்க. திருச்சி ரேடியோ ஸ்டேஷன்ல சங்கீதம், நாடகம், விவசாய நிகழ்ச்சி. சினிமாப் பாட்டுன்னா இலங்கை வானொலிதான், மயில்வாகனன் குரலுக்குன்னே ஒரு கூட்டம். விளம்பரம்னா என்னன்னே எங்களுக்கு இலங்கை ரேடியோ சொல்லிக் குடுத்ததுதான். ஆகாசவாணியில அப்போ விளம்பரமே கிடையாது.

டிவி? டெல்லியில மட்டும் இருந்துது. மெட்ராஸுக்கு வந்தது 75ல. அதனால படம் காட்டற செய்தின்னா தியேட்டர்ல மெயின் படத்துக்கு முன்னாடி போடற நியூஸ் ரீல்தான். நேரு இறுதி ஊர்வலத்தை நான் பாத்தது அவர் போய் ரெண்டு மூணு மாசம் கழிச்சு, டூரிங் கொட்டகையில, மணலைக் குவிச்சு மேடு கட்டி உக்காந்துக்கிட்டு. முன்னாடி இருக்கறவங்க நம்ம மணலைத் திருடித் தன் மேட்டை உசத்திக்குவாங்க, அதுக்கு ஒரு சண்டை. ஒரே புரொஜெக்டர், ரீல் மாத்த மாத்த இடைவேளை, ஒரு படத்துக்கு மூணு நாலு தடவை முறுக்கு சோடா. தரை டிக்கெட் நாலணாவுக்கு முன்ன பின்ன, பெஞ்சு நாற்பது பைசா, சேர் முக்கா ரூபா. பாட்டுப் புஸ்தகம் தனியா விப்பாங்க, கதைச் சுருக்கம் போட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு முடியும்.

எம்.ஜி.ஆர்., சிவாஜின்னு தெருவே ரெண்டா நிக்கும். 65 பொங்கலுக்கு எம்.ஜி.ஆர். இரட்டை வேஷத்துல வந்த எங்க வீட்டுப் பிள்ளை வெளியாகி பத்து பதினோரு நாள்லதான் ஊரே மொழிப்போராட்டத்துல பத்திக்கிச்சு, ஆனா படம் வெள்ளி விழா ஓடுச்சு. பகல்ல கடையடைப்பு, ராத்திரி செகண்ட் ஷோ ஹவுஸ்ஃபுல், ரெண்டும் ஒரே ஆளுங்கதான். பேப்பர் வீட்டுக்கு வீடு வாங்கறதில்லை. டீக்கடையில தினத்தந்தியை ஒருத்தர் சத்தமா படிக்க பத்து பேர் கேக்கறது, கன்னித்தீவு மட்டும் பசங்களுக்குக் காட்டிட்டுத் திருப்புவாங்க. வாரப் பத்திரிகை ஒண்ணு வாங்கினா ஏழு வீடு சுத்திட்டு வரும், தொடர்கதைப் பக்கங்களைக் கிழிச்சுத் தைச்சு பைண்டு பண்றதுல எங்கம்மா கெட்டிக்காரி.

ரயில்வே குடும்பத்துக்கு ஒரு சலுகை, பேப்பருக்கு முன்னாடி செய்தி வந்துடும், கண்ட்ரோல் ஆபீஸ் போன் வழியா. 64 டிசம்பர் 23 அன்னிக்கு அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்தார், அது வழக்கமே இல்லை. முதல் நாள் ராத்திரி பாம்பன்லேர்ந்து கிளம்பின பாசஞ்சர் தனுஷ்கோடி போய்ச் சேரலைன்னார். சேரலைன்னா என்ன அர்த்தம்னு நாங்க கேட்டோம். "ரயிலே இல்லை"ன்னார். புயல்ல கடல் ஏறி வந்து வண்டியோட நூறு பேருக்கு மேல கொண்டு போயிடுச்சு, தனுஷ்கோடி ஊரே போச்சு. அதுக்கு முந்தின மே லீவுலதான் பாஸ் போட்டு அங்க போயிட்டு வந்தோம், கப்பல்லேர்ந்து இறங்கின சிலோன்காரங்க சோப்புப் பெட்டியும் நைலான் சேலையுமா வந்ததை வேடிக்கை பாத்தோம். பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன்னு ஒரு இளம் இன்ஜினியர் 46 நாள்ல சரிபண்ணிட்டார்னு பொன்மலையில ரொம்ப நாள் பேச்சு, பின்னாடி டெல்லி மெட்ரோ கட்டினவர் அவரேதான்.

மத்ததெல்லாம் சுருக்கமா. துணி: டெரிலின் சட்டை போட்டவன் மாப்பிள்ளை, மத்தவங்க காடாத்துணி. வாட்ச், ஸ்கூட்டர், போன் எல்லாத்துக்கும் பேர் பதிஞ்சு காத்திருக்கணும், ஸ்கூட்டருக்கு வருஷக்கணக்குல. மதுவிலக்கு இருந்துது, கள்ளச்சாராயமும் இருந்துது. பள்ளிக்கூடத்துல மத்தியானம் இலவசச் சாப்பாடு, கேர்ங்கற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அனுப்பின பால் பவுடரைக் கரைச்சு ஊத்துவாங்க, அந்த வாசனை இப்போ நினைச்சாலும் குமட்டும். சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டோட தலைகீழ் சிவப்பு முக்கோணம், இரண்டு அல்லது மூன்று போதும்னு. எங்க பாட்டிக்கு ஒன்பது, அதைப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை.

67 ஜனவரியில ஒரு மூணு நாள் இருக்கு, அதை மட்டும் விடமாட்டேன். 12ஆம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் ராமாவரம் தோட்டத்துல எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டுட்டார். ராதா எங்க பக்கத்து ஆளு, சங்கிலியாண்டபுரம், பொன்மலைக்கு நடந்து போற தூரம். ராத்திரியே அந்தப் பக்கம் கடையெல்லாம் சாத்தியாச்சு. மறுநாள் 13, மெட்ராஸ் சேப்பாக்கத்துல வெஸ்ட் இண்டீஸோட டெஸ்ட் மேட்ச் ஆரம்பம், ஃபரூக் இன்ஜினியர் லஞ்சுக்குள்ள 94 அடிச்சார். அண்ணன் ஒரு காதுல ஸ்கோர், இன்னொரு காதுல எம்.ஜி.ஆர். பொழைச்சாரா இல்லையான்னு, ஒரே ரேடியோ, எங்க வீட்டு ஜன்னல்ல எப்பவும் இல்லாத கூட்டம். ரன் வந்தா கைதட்டலாமா கூடாதான்னு தெரியாம முழிச்சாங்க. 14 பொங்கல், அந்த வருஷம் எங்க லைன்ல யாரும் சத்தமா "பொங்கலோ பொங்கல்" சொல்லலை. கழுத்துல கட்டோட எம்.ஜி.ஆர். இருக்கற போஸ்டர் கொஞ்ச நாள்ல வந்துது, பிப்ரவரியில எலெக்ஷன்.

எலெக்ஷன் எதுல முடிஞ்சுதுன்னு கேட்டா மொழி, எம்.ஜி.ஆர்., எல்லாம்தான், ஆனா எங்கம்மா ஓட்டு அரிசிக்கு. ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு தி.மு.க. சொல்லிச்சு. ஒரு படின்னா சுமாரா ஒன்றரை கிலோ. ரேஷன் க்யூவுல கல்லு வெச்சு நின்ன பொம்பளைங்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்! விருதுநகர்ல காமராஜரே தோத்தார், ஒரு மாணவர் தலைவர்கிட்ட. அப்பா காமராஜ் பக்தர், அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை, அது திங்கக்கிழமையும் இல்லை.

மார்ச்ல அண்ணா முதலமைச்சர் ஆனார், மே மாசம் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வந்துது, முதல்ல மெட்ராஸுக்கும் கோயம்புத்தூருக்கும் மட்டும். நோட்டுல அந்த வாரம் அப்பா பேப்பர்ல வந்ததைக் கத்தரிச்சு ஒட்டியிருக்கார், கீழ பச்சை மையில "நமக்கு இல்லை"ன்னு எழுதி, அதுக்கும் கீழ அன்னைய கணக்கு: அரிசி 10 கிலோ, வெளியில், 14-00.